உண்டிவில்லில் ஏறிய தூரிக் கயிறு

சென்னிமலையை ஆயிரம் அடி ஆழத்துக்கு எட்டிப் பார்க்கச் சொன்னால் பார்ப்பார். ஆறடி உயரத்துக்கு ஏறச் சொன்னால் மாட்டார். அவரைத் தெரிந்த எல்லோரும் இதைச் சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

மீசை முளைக்கிற வயதில் ரிக் வண்டியில் ஏறியவர் அவர். போர் போடுகிற அந்த லாரியோடு ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று போகாத ஊரில்லை, ஓட்டை போடாத பாறையில்லை. ஆனால் ரிக்கின் உச்சியில் கம்பி சிக்கிக்கொண்டால் மட்டும் வேறு ஆளை ஏற்றிவிட்டு, அவன் இறங்குகிற வரைக்கும் இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அண்ணாந்து பார்த்தாலே அவருக்கு முழங்கால் ஆடும்.

அவர் பெண் எடுத்தது கெங்கவல்லியில். கல்யாணமான புதுசில் மாமனார் வீட்டுக்குப் போனபோது, முருங்கைக்காய் பறிக்க மாப்பிள்ளையை ஒரு முக்காலியில் ஏறச் சொன்னார்கள். ஏறினவர் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்து, மாப்பிள்ளைக்குக் குளிர்க்காய்ச்சல் என்று மாமியார் கஷாயம் காய்ச்சிவிட்டார். சென்னிமலையும் வாயைத் திறக்காமல் குடித்தார். அந்தக் கஷாயத்தின் கதையைச் சௌந்திரம், அதுதான் அவர் மனைவி, இன்றைக்கும் வருகிற போகிறவர்களிடம் சொல்லுவாள்.

சென்னிமலைக்குக் கூடப் பிறந்தது ஒரே அக்கா, வள்ளியாத்தாள். அப்பனைப் பெற்றவளின் பெயரை அவளுக்கு வைத்திருந்தார்கள். புதுச்சத்திரத்துக்கு மேற்கே காடு தோட்டமுள்ள ஒரு வீட்டில் கொடுத்திருந்தது. அந்த அக்காவுக்கும் ஒரே மகள், கனிஷ்கா. ஆக, அந்தப் பிள்ளைக்கு மாமன் என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் ஒரே ஆள்தான். அந்த ஒரே ஆளும் வேண்டிய நேரத்தில் ஊரில் இருந்ததில்லை.

பெண் வயதுக்கு வந்தால் மாமன் கையால் பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும் அல்லவா? கனிஷ்கா வயதுக்கு வந்தபோது சென்னிமலையின் ரிக் சத்தீஸ்கரில் ஒரு பாறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. அக்கா வீட்டுக்காரரின் தம்பி காளிதாஸ்தான் ஓலையை வெட்டிவந்து கட்டினான். அவன் கனிஷ்காவுக்குச் சித்தப்பன், பங்காளி. பங்காளி கட்டுவது முறையில்லை என்று தெரிந்தும் வேறு ஆள் இல்லாமல் கட்டினான். போன தை மாதம் கல்யாணம். பனிமூட்டத்தில் ரயில் நாக்பூரில் நின்றுபோய், சென்னிமலை மண்டபத்துக்குள் நுழைந்தபோது பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதோடு ரிக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சௌந்திரம் பார்த்துக்கொண்டிருந்த ராசிபுரத்துக் கோழிப்பண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

மாமன் கையால் செய்ய இனி மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அக்கா ஊரில், கல்யாணமான பெண் தலை ஆடிக்குத் தாய்வீடு வரும்போது அவளுக்கென்று தனியாக ஒரு தூரி கட்டுவார்கள். ஊஞ்சலைத்தான் அந்தப் பக்கம் தூரி என்பது. அந்தக் கயிறு மாமன் கையிலிருந்து கிளைக்குப் போக வேண்டும். தோட்டத்துப் புளியமரத்தில் கை நீட்டினால் எட்டுகிற மாதிரி ஒரு கிளை இருந்ததால், இத்தனை வருஷமும் எந்த மாமனுக்கும் இதில் கஷ்டம் வந்ததில்லை.

ஆனி மாதக் கடைசியில் அக்கா போன் போட்டாள்.

"ஏஞ்சாமி, ஆடி ஒண்ணுக்கு வந்துருவீல்ல?"

"வாரேங்க்கா. கோழிக்குத் தீவனம் போடறவன், இனி எங்க போயறப் போறேன்?"

"அதில்ல தம்பி. சித்திரையில அடிச்ச சூறக்காத்துல தாழக்கெள ஒடிஞ்சு உழுந்துருச்சு. இனி மேக்கெளதான். தென்னைமரத்து ஒசரம் வரும்."

சென்னிமலை போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டார். உட்கார்ந்திருந்த இடத்திலேயே முழங்கால் லேசாக ஆடியது.

"காளிதாஸ் சொல்றான், 'நீங்க கவலப்படாதீங்க அண்ணி, நா ஏறிக் கட்டிப்போடறேன்'னு. நா ஒண்ணும் சொல்லுல."

"நீ என்னக்கா நெனைக்கற?"

"நா நெனைக்கறதுக்கு என்ன இருக்குது? ஓலையும் அவந்தான கட்டுனான்" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அன்றைக்குக் கோழிக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர் மூட மறந்து, பண்ணை முழுக்கச் சேறாகிப்போனது.

முதலில் கயிற்றின் முனையில் கல்லைக் கட்டி வீசிப் பார்த்தார். பைப்பு தூக்கித் தூக்கித் தேய்ந்த தோள். பண்ணைத் தென்னையில் பாதிக்கு மேல் கல் போகவில்லை. அப்போதுதான் தீவன அறையின் ஆணியில் மாட்டியிருந்த உண்டிவில் கண்ணில் பட்டது. காக்கை விரட்ட வைத்திருந்தது. கொய்யாக் கவட்டை, சைக்கிள் டியூப்பில் வெட்டிய ரப்பர். அதில் கல்லை வைத்து அடித்தால் தென்னை உச்சியைத் தாண்டிப் போகும். சரி என்று கல்லில் தூண்டில் நரம்பைக் கட்டி அடித்தார். ஒரு கல் முடிச்சிலிருந்து நழுவி எங்கோ போனது. இன்னொரு கல் மட்டைக்குள் மாட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது.

குண்டாக இருப்பதுதான் சிக்குகிறது, ஊசி மாதிரி ஒன்று போனால் இலைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் விழும் என்று யோசித்தார். ஊசி மாதிரி என்றால் அம்புதான். உண்டிவில்லிலேயே அம்பு விட்டால் என்ன?

கோழிக் கொட்டகைக்கு வாங்கி மீந்த மூங்கில் கிடந்தது. கீறிச் சீவி, பின்முனையில் ரப்பரைக் கவ்வ ஒரு வெட்டு வெட்டினார். இறகுக்கு எங்கே போவது என்ற கவலை இல்லை. கோழிப்பண்ணையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அதற்கு வராது. வெள்ளை இறகாகப் பார்த்துப் பொறுக்கி, பஞ்சர் ஒட்டுகிற பசையால் ஒட்டினார். கவட்டையின் நடுவில் அம்பு ஆடாமல் நிற்க வேண்டுமே! பழைய டிவிஎஸ் வண்டிச் சாவியின் வளையத்தைக் கழற்றி, இரண்டு கொம்புக்கும் நடுவில் ரப்பரால் இழுத்துக் கட்டினார். அம்பு அந்த வளையத்துக்குள் நுழைந்து அழகாகப் படுத்துக்கொண்டது.

எல்லாம் சரியாகச் செய்தவர் ஒரு இடத்தில் கோட்டை விட்டார். ரிக்கில் பாரம் எல்லாம் பின்னால் இருக்கும். பின்னால் இருந்து அழுத்தினால்தான் முன்னால் இருக்கிற பிட்டு என்கிற துளைமுனை பாறைக்குள் போகும். கை பழகிய வழக்கத்தில் சென்னிமலை ஒரு இரும்பு நட்டை எடுத்து அம்பின் வாலில் மாட்டிவிட்டார். விட்ட அம்பு கொஞ்ச தூரம் போனதும் குட்டிக்கரணம் போட்டது. வாலைத் தலையாக்கிக்கொண்டு தீவன மூட்டையில் போய் விழுந்தது. பாரம் பற்றவில்லை என்று இன்னொரு நட்டை மாட்டினார், அதுவும் வாலில்தான். அந்த அம்பு ஒரு சுற்றுச் சுற்றி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய நல்ல வேட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

சௌந்திரம் வேட்டியை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "ஊரெல்லாம் ஓட்டை போட்டுட்டு வந்தீங்க, சரி. வீட்டுக்குள்ளயும் ஆரம்பிச்சிட்டீங்களா? தண்ணி வந்துதா?"

"ரப்பரு பத்துல சௌந்திரம். லாரி டியூப்பு வாங்கியாரோணும்."

"பத்தலைன்னா அக்காகிட்டச் சொல்லிடுங்க. நடுங்கறதுக்கு மரம் ஏறித்தான் ஆகணும்னு ஒண்ணுமில்லியே. முக்காலி போதும் உங்களுக்கு."

அந்த நேரம் பார்த்து, வாசலில் காயப்போட்டிருந்த அரிசியில் ஒரு நாட்டுச்சேவல் வாய் வைத்தது. சௌந்திரம் கையில் இருந்த விளக்குமாற்றை அப்படியே அதன் மேல் வீசினாள். கட்டு கட்டியிருந்த தடித்த பக்கம் முன்னால் போனது. குச்சிப் பக்கம் வால் மாதிரி விரிந்துகொண்டு பின்னாலேயே வந்தது. நேராகப் போய்ச் சேவலுக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது.

சென்னிமலை எழுந்து நின்றுவிட்டார். "இன்னொருக்கா வீசு."

"யாரு மேல?"

"ஆரு மேலயாச்சும் வீசு."

இப்படி ஒரு வாய்ப்பை எந்தப் பெண்டாட்டி விடுவாள்? அவர் மேலேயே வீசினாள். தடித்த பக்கம் நேராக நெஞ்சில் வந்து விழுந்தது. சென்னிமலை நெஞ்சைத் தடவிக்கொண்டே சிரித்தார். "பாரத்தத் தலையில வெக்கோணும்! நா வாலுல வெச்சுப்போட்டேன். இது தெரியாம வேட்டி போச்சு!"

நட்டை முனைக்கு மாற்றியதும் அம்பு பிறகு குட்டிக்கரணம் போடவே இல்லை. நரம்பு காலில் சுற்றாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வளையம் வளையமாகப் போட்டுக்கொண்டார். தென்னை மட்டைகளுக்கு நடுவே நுழைந்து அந்தப் பக்கம் இறங்குகிற அம்பைப் பார்க்கப் பார்க்க, கோழிக்குத் தீவனம் போடுகிற நேரம்கூடத் தள்ளிப்போனது. நாலைந்து அம்பு செய்து துண்டில் சுற்றி வைத்தார்.

ஆடி ஒன்று அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனார்கள். சேலம், நாமக்கல் பக்கம் அன்றைக்குத் தேங்காய் சுடுகிற நோம்பி. தேங்காயின் கண்ணைத் துளைத்து, பொட்டுக்கடலை, எள், அவல், வெல்லம் எல்லாம் உள்ளே போட்டு, அழிஞ்சிக் குச்சியைச் சொருகி நெருப்பில் வாட்டுவார்கள். களத்தில் நெருப்பு மூட்டியிருந்தது. தலை ஆடிக்கு வந்த பெண் என்பதால் கனிஷ்காவின் குச்சிக்கு மட்டும் மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள்.

புளியமரத்தடியில் காளிதாஸ் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். சென்னிமலை துண்டைப் பிரித்ததும் அம்பைப் பார்த்தான்.

"மச்சான், கோழிக்கு றெக்க மொளச்சுப் பாத்திருக்கறேன். குச்சிக்கு மொளைக்கறத இப்பத்தானுங்க பாக்கறேன். முட்டையும் வெக்குமுங்களா?"

"வெச்சா உனக்குத்தான் மொத முட்ட, மாப்ள. நவுந்து நில்லு."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மரத்தின் உச்சியையும் தம்பியின் முழங்காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

முதல் அம்பு சீறிக்கொண்டு போனது. போன வேகத்தில் கிளையைத் தாண்டாமல், அதற்குப் பக்கத்தில் ஒரு கொப்பில் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தார், நரம்புதான் அறுந்து வந்தது. பச்சை இலைகளுக்கு நடுவே வெள்ளை இறகு தெரிய, அது கொக்கு மாதிரி மேலே உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணு அடைக்கு உக்கோந்துருச்சுங்க" என்றான் காளிதாஸ்.

சென்னிமலை அடுத்த அம்புக்காகத் திரும்பினார். மிச்ச அம்பு எல்லாம் கயிற்றுக்கட்டிலில் துண்டுக்குள் இருந்தது. அந்த நேரத்தில்தான் யாரோ புது மாப்பிள்ளை கௌசிக்கைப் பார்த்து, "நின்னுட்டே இருக்கறீங்களே, உக்காருங்க மாப்பிள்ள" என்று உபசாரம் செய்தார்கள். கௌசிக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற, அடக்கமான பையன். சொன்ன பேச்சைத் தட்டாமல் அந்தத் துண்டின் மேலேயே உட்கார்ந்தான். படபடவென்று மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது.

"ஐயோ மாமா, நான் பாக்கலீங்க மாமா!" கௌசிக் எழுந்த வேகத்தில் கட்டிலே சாயப் பார்த்தது.

தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளையை யார் என்ன சொல்ல முடியும்? "போச்சாதுங்க மாப்பிள்ள, பரவால்லீங்க" என்று சொன்ன சென்னிமலையின் முகம் மட்டும் சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கிப்போனது. காளிதாஸ் மரம் ஏறச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அவன் கேலி பேசினதைவிட, செருப்பைக் கழற்றினதுதான் சென்னிமலைக்குச் சுருக்கென்று தைத்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நெருப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மாமா, இதுல ஆவுமுங்களா?"

கனிஷ்கா பக்கத்தில் நின்றாள். கையில் அவளுடைய மஞ்சள் பூசிய அழிஞ்சிக் குச்சி.

சென்னிமலை அதை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். ரிக் பைப்பில் வளைவு பார்க்கிற பார்வை. குச்சி நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. மூங்கிலைவிடக் கொஞ்சம் கனம்.

"உந் தேங்காய்க்குக் குச்சி வேண்டாமா, அம்முணி?"

"தேங்கா காத்துட்டு இருக்கட்டுங்க. தூரிதானுங்க மொதல்ல."

சௌந்திரம் அதற்குள் கட்டிலடியில் குனிந்து, முறிந்த அம்புகளிலிருந்து இறகையும் நட்டையும் கழற்றிவிட்டாள். தன் சேலையிலிருந்து ஒரு நூலை உருவினாள். அவர் பேனாக்கத்தியால் வாலில் வெட்டுப் போட, அவள் இறகை வைத்துச் சுற்றினாள். நட்டை மாட்டப் போகும்போது மட்டும் காதோரமாக, "தலையில. கஷாயம் கைவசம் இல்ல" என்றாள்.

சென்னிமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நட்டை முனையில் மாட்டி, நரம்பைக் குச்சியில் கட்டினார். வளையத்துக்குள் குச்சியை விட்டு, ரப்பரைக் காதுவரைக்கும் இழுத்தார். மேலே பார்க்க வேண்டியிருந்தது. முழங்கால் ஆடத்தான் செய்தது. முழங்கால்தானே, ஆடிக்கொள்ளட்டும் என்று விட்டார். விரலையும் விட்டார்.

வாளியிலிருந்து நரம்பு சரசரவென்று பாம்பு மாதிரி கிளம்பியது. மஞ்சள் குச்சி இலைக்குள் நுழைந்தது, காணோம். எல்லாரும் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மரத்துக்கு அந்தப் பக்கம், நிலக்கடலைக் காட்டில், குச்சி வந்து சொருகிக்கொண்டு நின்றது. நரம்பு மேல்கிளையின் மேலே மின்னியது.

பெண்கள் குலவை போட்டார்கள். சென்னிமலை நரம்பின் முனையில் சணலைக் கட்டி இழுத்தார், சணலின் முனையில் வடக்கயிற்றைக் கட்டி இழுத்தார். வடம் கனமாக இருந்ததால் காளிதாஸ் ஒத்தாசைக்குக் கை வைத்தான்.

"கைய எடு மாப்ள! பங்காளி தொடப்படாது!"

காளிதாஸ் சூடுபட்ட மாதிரி கையை எடுத்தான். ஆனாலும் கேலியை விடவில்லை. "இருக்கட்டுங்க. கயிறு மாமன் கையில இருந்து போவோணும்னுதான வழக்கம்? இது உண்டிவில்லுல இருந்தல்லங்க போச்சு? இது செல்லுமுங்களா அண்ணி?"

வள்ளியாத்தாள் நெருப்பை விட்டு எழுந்து வந்தாள். வந்து, தொங்குகிற வடத்தை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"உண்டிவில்லு ஆரு கையில இருந்துது? எந்தம்பி கையிலதான? மாமங் கை கயிறுன்னுதான் சொல்லி வெச்சாங்க. மாமங் காலு மரத்துல படோணும்னு எவன் சொன்னான்?"

காளிதாஸே முதலில் சிரித்தான். சென்னிமலை வடத்தின் இரண்டு முனையையும் பலகையில் சேர்த்து, ரிக்கில் பைப்புக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு இறுக்கினார். முடித்துவிட்டு, "வா அம்முணி, உக்காரு" என்று கூப்பிட்டார்.

அக்கா அவரைப் பார்த்தாள். "அவ எப்பிடி உக்காருவா? கட்டுன மாமன் மொதல்ல ஆடிக் காட்டோணும். கயிறு தாங்குமான்னு தெரியோணுமல்ல?"

ஊரில் இல்லாத மனுஷனுக்கு இந்த வழக்கம் எப்படித் தெரியும்? சென்னிமலை பலகையைப் பார்த்தார். சௌந்திரத்தைப் பார்த்தார். அவள் வாயைச் சேலையால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கனிஷ்கா கை கட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஓலைக் குடிசைக்கும் இப்படித்தான் காத்திருந்திருப்பாள். அவர் போய் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் காளிதாஸ் வந்து நின்றான். "மச்சான், இதத் தொடலாமுங்களா?"

"மெதுவா, மாப்ள..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரே தள்ளு. சென்னிமலை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போட்ட கத்தலில், புளியமரத்துக் காக்கை எல்லாம் ஒன்று விடாமல் கிளம்பிப்போனது. இறங்கினார், ஏறினார், மறுபடி கத்தினார். கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போன பிறகுதான் ஒரு கண்ணைத் திறந்தார். நேர் மேலே, இலைக்குள், அவருடைய முதல் அம்பு வெள்ளை இறகோடு உட்கார்ந்திருந்தது.

"மாப்ள, இன்னங் கொஞ்சம் தள்ளு. அந்த அம்பு எட்டும்போல இருக்குது!"

அம்பு எட்டவில்லை. எட்டுகிற தூரமும் இல்லை. ஆனால் அவர் இறங்குவதற்கு அன்றைக்கு வெகுநேரம் ஆனது. தன் முறைக்காகக் காத்திருந்த கனிஷ்கா, "மாமா, தூரி எனக்குத்தானுங்க கட்டுனீங்க?" என்று கேட்ட பிறகுதான் காலை ஊன்றினார்.

கௌசிக் நிலக்கடலைக் காட்டுக்குள் போய் மஞ்சள் குச்சியைப் பிடுங்கிவந்து, பயபக்தியோடு இரண்டு கையாலும் நீட்டினான். நட்டைக் கழற்றி, தேங்காயில் சொருகி வாட்டினார்கள். ஒரு இறகு ஒட்டிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. தேங்காயை உடைத்ததும் கனிஷ்கா முதல் சில்லை மாமனுக்குக் கொடுத்தாள். வெல்லமும் எள்ளும் உருகி, லேசாகக் கோழி பொசுங்கின வாசமும் அடித்தது. சென்னிமலை ஒன்றும் சொல்லாமல் முழுசாகத் தின்றார்.